217 மீட்டர் குழந்தை மலையாம்! (டெவில்ஸ் டைக், டிசம்பர்)

பீடோக் ராஜாளி:
நேற்று இங்கே ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "டிசம்பர் லீவில் இங்கிலாந்து போகிறவர்கள் பிரைட்டன் பக்கம் டெவில்ஸ் டைக்கில் பாராகிளைடிங் செய்து பாருங்கள். 217 மீட்டர்தான், குழந்தை மலை. குளிர்காற்றுக்கு அடர்த்தி அதிகம், இறக்கையை அதுவே தாங்கிக்கொள்ளும்." படித்ததும் கோப்பி புரையேறிவிட்டது. அது வடக்கு பார்த்த சரிவு, ஐயா. டிசம்பர் வெயில் அதில் விழாது, தெர்மலை, அதாவது வெயிலில் சூடாகி மேலேறும் காற்றை, மறந்துவிடலாம். சரிவில் மோதி மேலேறுகிற காற்று ஒன்றுதான் துணை. அது குறைந்தால் கீழே வயலில் இறங்குவீர்கள். கூடினால் மலைக்குப் பின்னால் தள்ளிவிடும், அங்கே சுழல்காற்று காத்திருக்கும். இதில் குழந்தை எங்கே வந்தது?

ஈசூன் தம்பி:
அந்தத் தம்பி நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், பரவாயில்லை. அண்ணே, 0 டிகிரி காற்று 30 டிகிரி காற்றைவிட 11 சதவீதம் அடர்த்தி. உண்மையா, பொய்யா?

பீடோக் ராஜாளி:
11 சதவீதம் சரி. அப்புறம்? இறக்கையின் வேகம் 5 சதவீதம் குறையும். மலேசியாவின் ஜுக்ரா மலையில் மணிக்கு 38 கிலோமீட்டரில் போகிற இறக்கை அங்கே 36. எதிர்காற்று 30 என்றால் முன்னால் நகர மிச்சம் 6. இதுதான் நீங்கள் சொன்ன தாங்கலா?

ஈசூன் தம்பி:
கீழிறங்கும் வேகமும் அதே 5 சதவீதம் குறையுமே! அதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள்.

கிளமெண்டி அக்கா:
இரண்டு பேரும் 11, 5, 38 என்று டோட்டோ லாட்டரி எண் மாதிரி அடுக்குகிறீர்கள். விரல் மரத்துப்போவதைப் பற்றி யாராவது பேசினீர்களா? தடித்த கையுறை போட்டால் பிரேக் கயிறு இறுகுகிறதா தளர்கிறதா என்றே தெரியாது. கிளம்பும்போது இறக்கை தலைக்கு மேல் வந்து நிற்காமல் முன்னால் பாயப் பார்க்கும். அந்த அரை நொடியில் பிரேக்கைத் தொட வேண்டும். மரத்த கையால் தொடுங்கள் பார்ப்போம்.

பீடோக் ராஜாளி:
அக்கா, கையுறை அப்புறம். முதலில் அந்த 11 சதவீதம். அதே வேகக் காற்று தரையில் நிற்பவரையும் 11 சதவீதம் கூடுதல் பலத்தோடு இழுக்கும். தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.

உட்லண்ட்ஸ் காற்றாடி:
நான் என்.எஸ்ஸில் (தேசிய சேவையில்) பாராசூட்டில் குதித்தவன். 217 மீட்டருக்கு இவ்வளவு அலப்பறையா? நம்ம ஊர் புக்கித் தீமா மலையே 163 மீட்டர் இருக்கு லா.

பீடோக் ராஜாளி:
பாராசூட்டை இதில் இழுக்காதீர்கள், சார். 217 என்பது கடல் மட்டத்திலிருந்து. அடிவாரம் கடலிலா இருக்கிறது? பறக்கக் கிடைக்கும் உயரம் அதைவிடக் குறைவு. சரிவை ஒட்டிப் பறக்கையில் இறக்கை மடங்கினால் ரிசர்வ் பாராசூட்டை வீசி அது விரிவதற்குள் தரை வந்துவிடும். பெரிய மலையில் தப்புக்கு இடம் உண்டு, சின்ன மலையில் கிடையாது.

உட்லண்ட்ஸ் காற்றாடி:
குதித்தவனுக்கே பாடமா? சரி, சரி.

ஈசூன் தம்பி:
ஜுக்ராவும் சின்ன மலைதான். அதில் பறந்துதானே அண்ணன் ராஜாளி ஆனார்?

பீடோக் ராஜாளி:
ஜுக்ராவில் 30 டிகிரி. 11 சதவீதம் அங்கே எப்படி வரும்? அதுசரி, எல்லை தாண்டத் தேவையான முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் துவாஸ் சோதனைச்சாவடி வரைக்கும் ஓட்டிவந்து, எங்கள் எல்லோரையும் திரும்பவைத்த ஆளுக்குக் காற்றின் கணக்கு மட்டும் தெரியுமாக்கும்.

ஈசூன் தம்பி:
வண்டி என்னுடையது. பின்னால் கால் நீட்டித் தூங்கியவர் பேசுகிறார். பெட்ரோல் காசில் அவர் பங்கு இன்னும் வரவில்லை.

கிளமெண்டி அக்கா:
ஆரம்பிச்சாச்சா? சனிக்கிழமை ஜுக்ரா வண்டியில் ஓர் இடம் காலி. யார் வருகிறீர்கள்?

பீடோக் ராஜாளி:
தம்பி வந்தால் நான் வரவில்லை. பெட்ரோல் காசை அக்காவிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

கிளமெண்டி அக்கா:
என்னிடமா? எப்போது?