பங்கேற்புப் பாதீடு: நகரவாசிகளைக் கொண்டு நிதி பகிரும் முறைக்கான கலைச்சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நகர ஆட்சி தன் செலவுகளில் எது முதலில், எது பிறகு என்பதை அந்நகரில் வசிப்போரைக் கொண்டே முடிவு செய்யும் முறைக்கு இவ்விழையில் இதுவரை மூன்று பெயர்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: ‘பங்கேற்பு வரவுசெலவுத் திட்டம்’, ‘மக்கள் பாதீடு’ (பாதீடு என்பது ‘பட்ஜெட்’டுக்கு வழங்கும் ஒரு சொல்), ‘பின்னூட்ட நிதிநிலை அறிக்கை’. மூன்றிலும் ஏற்கத்தக்க கூறு உண்டு. ஆனால் எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை அகராதியில் தேடுவதைவிட அம்முறை நடக்கும் விதத்தில் தேடுவதே நல்லது.

இம்முறை 1989ஆம் ஆண்டு பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் தொடங்கியது. நகரம் 16 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் வட்டாரக் கூட்டங்களில் நகராட்சி முதலில் சென்ற ஆண்டு ஒப்புக்கொண்ட பணிகள் என்னவாயின என்று கணக்குச் சொல்ல வேண்டும். அதன் பின்னர் வட்டாரத்தார் கழிவுநீர், சாலை, வீட்டுவசதி, கல்வி போன்ற துறைகளைத் தங்கள் தேவைக்கேற்ப வரிசைப்படுத்துவார்கள். தங்கள் சார்பில் பேசப் பேராளர்களையும் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வரிசைக்குக் கிடைக்கும் புள்ளிகளோடு, வட்டாரத்தின் மக்கள்தொகையும், அவ்வசதி அங்கு எந்த அளவுக்கு இல்லை என்பதும் சேர்த்து எடைபோடப்பட்டு, முதலீட்டுக்கான பணம் வட்டாரங்களுக்குப் பிரிக்கப்படும். உரக்கக் கேட்டவருக்கே கிடைக்கும் என்ற நிலையை மாற்றியது இந்தக் கணக்குத்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, வசிப்போர் வரவைப் பற்றி முடிவெடுப்பதில்லை என்பதாகும். வரி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பன பெரும்பாலும் அவர்கள் முன் வைக்கப்படுவதில்லை. செலவிலும்கூடச் சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவை முன்பே கட்டுண்டவை. எஞ்சும் முதலீட்டுத் தொகையின் ஒரு பகுதியே பகிர்வுக்கு வருகிறது. பாரிஸ் நகரம் 2014இல் இம்முறையைத் தொடங்கியபோது முதலீட்டுச் செலவில் 5 விழுக்காட்டை இதற்கென ஒதுக்குவதாக அறிவித்தது. ஆகவே ‘வரவுசெலவுத் திட்டம்’ என்ற சொல் இங்கு அளவுக்கு மீறி அகன்றது. ‘நிதிநிலை அறிக்கை’யோ ஆவணத்தைக் குறிக்கிறது, செயலைக் குறிக்கவில்லை, நமக்கு வேண்டியது செயலின் பெயர்.

பொருட்பாலில் 385ஆம் குறள் அரசின் வேலையை இயற்றல், ஈட்டல், காத்தல், வகுத்தல் என நான்காகப் பிரிக்கிறது. நாம் பெயர் தேடும் முறையில் நகரவாசிகள் நுழைவது இந்த நான்காவது வேலைக்குள் மட்டுமே. அதனால்தான் இலங்கைத் தமிழ் ஊடகங்களில் வழங்கும் ‘பாதீடு’ என்ற சொல் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. பகுத்தல் என்பதே அதன் அடிப்பொருள். முதலீடு, மதிப்பீடு, ஒதுக்கீடு போல இதுவும் செயலையும் அச்செயலின் விளைவையும் ஒருசேரக் குறிக்க வல்லது. பாதிடுதல், பாதிட்டனர் என வினையாகவும் விரியும். தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றினாலும், நான்கு முறை படித்தால் பழகிவிடக்கூடிய எளிய சொல்.

இச்சொல் தொல்காப்பியத்தில், பகைவரின் ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித் திணையின் துறையாக (உட்பிரிவாக), கவர்ந்து வந்த ஆநிரையைப் பங்கிடுவதைக் குறிப்பது என்றும், போர்க்கொள்ளையின் வாடை வீசும் சொல்லை மக்களாட்சி முறைக்குச் சூட்டலாமா என்றும் ஒரு நண்பர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது, நானும் சில நாட்கள் இதைப் பற்றி யோசித்தேன். ஆனால் அத்துறையின் மையம் கவர்தல் அன்று, பகிர்தல். கவர்தலுக்கு வேறு துறைகள் உள்ளன. அவரவர் செய்த வினையை அறிந்து கொடுத்தலே பாதீடு எனப் புறத்திணை இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை விளக்குகிறது. அதாவது அங்கும் பங்கீட்டுக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. போர்ட்டோ அலெக்ரியில் வினையறிந்து கொடுப்பதன் இடத்தில் குறையறிந்து கொடுப்பது வந்து அமர்ந்தது. அளவுகோல் மாறியது, செயல் மாறவில்லை. சொல்லை நாம் எடுத்துக்கொள்ள இந்தத் தொடர்ச்சியே போதும் என்று நம்புகிறேன்.

இனி அடைமொழி. ‘மக்கள் பாதீடு’, ‘குடிமக்கள் பாதீடு’ ஆகியவற்றில் இரு இடர்ப்பாடுகள் உள்ளன. பொதுமக்களுக்குப் புரியும்படி சுருக்கி எளிய நடையில் வெளியிடப்படும் அரசின் நிதி ஆவணத்துக்குக் குடிமக்களின் பெயரைத் தாங்கிய ஒரு கலைச்சொல் உலகளவில் ஏற்கெனவே நிலைபெற்றுள்ளது. தமிழில் அதற்கு இயல்பாக அமையக்கூடியவை இச்சொற்களே. மேலும், இம்முறையில் வாக்களிக்கப் பல நகரங்கள் குடியுரிமையைக் கேட்பதில்லை, வசிப்பதையே கேட்கின்றன. பாரிஸில் வேற்றுநாட்டவரும் சிறுவரும் வாக்களிக்கலாம். குடிமக்கள் என்றால் அவர்களைப் பெயரிலேயே விலக்கியவர்களாவோம்.

‘பங்கேற்பு’ நீர்த்துப்போன சொல் என்ற குறை மெய்தான். விழாவில் அமர்ந்திருந்தவரையும் பங்கேற்றார் என்றே செய்திகள் எழுதுகின்றன. எனினும் பங்கு, ஏற்பு என்று பிரித்துப் பார்த்தால் பாதீட்டோடு இவ்வளவு இயல்பாக இணையும் சொல் வேறில்லை. நீர்த்த சொல்லைக் கைவிடுவதைவிட, அதை நீர்க்கச் செய்யும் பொருளுக்குத் தனிச்சொல் கொடுப்பது மேல். வசிப்போர் முடிவெடுப்பது ஒன்று. அவர்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு அலுவலர்களே முடிவெடுப்பது மற்றொன்று. முன்னதைப் ‘பங்கேற்புப் பாதீடு’ என்றும், பின்னதைக் ‘கருத்தறி பாதீடு’ என்றும் வழங்குவோம். நகரமன்றத்தின் இறுதி ஒப்புதல் இரண்டுக்கும் தேவைப்படலாம். வசிப்போர் வகுத்த வரிசையைக் காரணம் சொல்லாமல் மாற்ற அலுவலர்களால் முடியுமா என்பதே பிரிக்கும் கோடு. கணக்கெடுப்புப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லிவிட்டு அதைப் பங்கேற்பு என்று அழைக்கும் வாய்ப்பை நம் கலைச்சொல்லாவது தராமல் இருக்கட்டும்.

‘பின்னூட்டம்’ இங்கு தலைச்சொல்லில் வரக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. பின்னூட்டம் ஒன்று நடந்த பிறகு வருவது. வசிப்போர் இங்கு சொல்வதோ பணம் பிரிக்கப்படுவதற்கு முன். அதைக் ‘கோரிக்கை’ என்பதும் பொருந்தாது, அது கேட்பவரைத் தாழ்த்திவிடுகிறது. ‘முன்மொழிவு’ போதுமானது. சென்ற ஆண்டுப் பணிகளின் கணக்கைக் கேட்டு வட்டாரத்தார் சொல்லும் நிறைகுறைகளுக்குப் பின்னூட்டம் மிகச் சரியான பெயர். அக்கட்டத்துக்கு அதைக் காத்து வைப்போம்.

எஞ்சுவது, எது முதலில் என்று வரிசைப்படுத்துவதற்கு வழங்கும் ‘முன்னுரிமை’ என்ற சொல். இச்சொல்லில் உள்ள உரிமை என்னை உறுத்துகிறது. முதியோருக்கு வரிசையில் முன்னுரிமை என்னும்போது அது ஒருவருக்குரிய சலுகை. கழிவுநீர்க் குழாய் சாலைக்கு முன் வர வேண்டும் என்பது சலுகை அன்று, ஒப்பிட்டு எடுத்த தீர்ப்பு. வழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்துவிட்டுப் போகட்டும்; ஆனால் வட்டாரத்தார் புள்ளியிட்டு உருவாக்கும் பட்டியலுக்கு ‘முந்துவரிசை’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். ‘இவ்வட்டாரத்தின் முந்துவரிசையில் கழிவுநீர் முதலிடம் பெற்றது’ என்று எழுதிப் பார்த்தேன்; தடையின்றி ஓடுகிறது. முந்துவரிசையா, முதன்மை வரிசையா என்பதில் மட்டும் உங்கள் கருத்து தேவை. முன்னதில் ‘முந்து’ என்ற வினை போட்டியை நினைவூட்டுமோ என்ற தயக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.