அவர் விரும்பும் படம் எனக்குப் பிடிக்காதது ஏன்?

கேள்வி (கிளிநொச்சி): இரணைமடுக் குளக்கட்டில் நாங்கள் எடுத்த படங்களில், முகம் கோணலாக இருப்பதாக நான் ஒதுக்கியவற்றையே எனக்கு நிச்சயிக்கப்பட்டவர் அழகானவை என்கிறார், அவருடைய படங்களிலோ எனக்குக் குறையே தெரிவதில்லை. இது ஏன்?

பதில் (மாங்குளம்): தங்கச்சி, நீங்கள் நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம், அவர் பழகியதோ படத்தில் விழும் அதே முகத்துடன். மீட்டா, டெர்மர், நைட் ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் தம் கண்ணாடி வடிவத்தையும் காதலர்கள் அவர்களுடைய நேர் வடிவத்தையுமே பெரும்பாலும் விரும்பினர்.

பதில் (முல்லைத்தீவு): அண்ணா சொல்வது சரி. ஆயினும், படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் சொல்கிறேன்: கைபேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்தால் எவருடைய மூக்கும் பெருத்தே தெரியும்.

கேட்டவர்: படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன், எனக்குப் பிடித்தது. அவரோ, “இது நீர் இல்லை” என்கிறார்.