நகசெந்தோவில் கிசோ பகுதி நடை: போய் வந்தவர்கள் சொல்பவை

நகசெந்தோ ஜப்பானின் பழைய நெடுஞ்சாலை; கிசோ அதன் வழியிலுள்ள மலைப் பள்ளத்தாக்கு. எடோவின் (இன்றைய டோக்கியோ) நிஹோன்பாஷி முதல் கியோட்டோவின் சான்ஜோ பாலம் வரை 69 தங்கல் ஊர்கள், ஏறக்குறைய 530 கி.மீ. முழுதும் நடக்க நேரமில்லாதவர்கள் 43-வது ஊரான மகோமேயிலிருந்து 42-வது ஊரான ட்சுமாகோவுக்கு நடப்பார்கள், 8 கி.மீ. இந்தத் திசையிலேயே போங்கள். மகோமே ஏறக்குறைய 600 மீட்டர் உயரம், நடுவிலுள்ள கணவாய் 800, ட்சுமாகோ 420. மகோமேயில் தொடங்கினால் ஏற்றம் முதல் இரண்டரை கி.மீ.க்குள் முடிந்துவிடும். மறுபக்கமிருந்து வந்தால் ஏற வேண்டியது இரண்டு மடங்கு. நின்று பார்த்து நடக்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நகோயாவிலிருந்து ஷினானோ ரயிலில் நகாட்சுகாவா, அங்கிருந்து பஸ்ஸில் அரை மணிக்குள் மகோமே. பஸ் நிற்பது சரிவின் அடியில். ஊரின் தெரு முழுக்கக் கல் பதித்த ஏற்றம். சக்கரப் பெட்டியை அதில் இழுப்பது பெரும் பாடு. தெருவின் பாதியில் இருக்கும் சுற்றுலா அலுவலகத்தில் காலை 11:30-க்குள் பெட்டியைக் கொடுத்தால், பிற்பகல் 1 மணிக்குமேல் ட்சுமாகோ அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் இந்தச் சேவை கிடையாது. மாலை 5 மணிக்குள் எடுத்துவிடவும்.

—

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். ஏற்றத்தைவிட இறக்கத்துலதான் ஆள் விழறாங்க. பழைய கல் பாவிய துண்டுகள்ல பாசி இருக்கும். மழை பெஞ்சாலோ, இலையுதிர்காலத்துல ஈர இலை மூடினாலோ ரொம்ப வழுக்கும். அடித்தடம் தேய்ஞ்ச ஷூ வேண்டாம். கல்லோட ஓரத்து மண்ணுல கால் வைங்க, அடியைச் சின்னதா எடுங்க.

வழியில மணி கட்டின கம்பங்கள் வரும். கரடிக்காக வெச்சது, அலங்காரம் இல்ல. ஒவ்வொண்ணையும் பலமா அடிச்சுட்டுப் போங்க. ஆள் வர்ற சத்தம் முன்னாடியே கேட்டா கரடி விலகிடும். திடீர்னு எதிர்ல பார்த்தாதான் ஆபத்து. அருவிப் பக்கம் தண்ணிச் சத்தத்துல மணி அமுங்கிடும், அங்க கைதட்டிப் பேசிக்கிட்டே நடக்கலாம்.

கணவாயைத் தாண்டினா இச்சிகோகுதொச்சியில பழைய தேநீர் வீடு. தேநீர் இலவசம், உண்டியல்ல ஏதாவது போட்டுட்டு வாங்க. வழியில குப்பைத்தொட்டியை எதிர்பார்க்காதீங்க, ஒரு பை கையில இருக்கட்டும். நவம்பர்ல அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிடும். மரங்களுக்கு நடுவுல இன்னும் சீக்கிரம். ஒரு மணிக்குமேல கிளம்பாதீங்க.

—

இரண்டாவது நாள் இருந்தால் கிசோவிலேயே இன்னொரு நடை: நராய் – யபுஹாரா. டோரி கணவாய் 1,197 மீட்டர், சுமார் 6 கி.மீ. இரண்டு முனையிலும் ரயில் நிலையம் இருப்பதால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தொல்லை இல்லை. ஆனால் உள்ளூர் ரயில் எப்போதாவதுதான் வரும்; ஒன்றைத் தவறவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் போய்விடும். திரும்பும் ரயில் நேரத்தை முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்.

கிசோவின் 11 ஊர்களையும் விடாமல் நடந்தே தீருவேன் என்பவர்களுக்கு: பள்ளத்தாக்கு குறுகலானது, ஆறு, ரயில், 19-ஆம் எண் நெடுஞ்சாலை மூன்றும் அதற்குள் நெருக்கியடிக்கின்றன. பல இடங்களில் பழைய பாதையின் மேலேயே நெடுஞ்சாலை போகிறது. லாரிகள் உரசிக்கொண்டு போகும். அந்தத் துண்டுகளை ரயிலில் கடப்பதில் குறையொன்றும் இல்லை. நொஜிரிக்கும் மிதொனோவுக்கும் இடையே மட்டும் மலைவழியான யொகாவா பாதையைத் தேடிப் போங்கள். ஆற்றில் வெள்ளம் வந்தபோது அன்றைய பயணிகள் சுற்றிப்போன வழி அது. ஒரு நாள் முழுக்க அதற்கே சரியாகிவிடும், நடுவில் கடை கிடையாது.

—

சைவர்கள் கவனிக்க. மின்ஷுகு வீடுகளில் (குடும்பங்கள் நடத்தும் தங்கும் விடுதிகள்) இரவுச் சாப்பாடு ஆறு மணி வாக்கில் எல்லோருக்கும் ஒன்றாகப் பரிமாறுவார்கள். வந்த பிறகு மாற்றச் சொன்னால் அவர்களால் முடியாது. முன்பதிவிலேயே "மீன் வேண்டாம், கட்சுவோ தாஷியும் வேண்டாம், கொம்பு தாஷி சரி" என்று ஜப்பானிய மொழியில் எழுதிவிடுங்கள் (தாஷி என்பது சமையலுக்கு அடிப்படையான சாறு; கட்சுவோ மீன், கொம்பு கடற்பாசி). "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மிசோ சூப்பிலும் சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் மீன் வந்துவிடும். தெருவில் சுடும் கொஹெய்மொச்சி, அரிசிச் சோற்றை இடித்துக் குச்சியில் பிடித்து அக்ரூட், எள், சோயா பூசிச் சுடுவது. பூச்சில் தாஷி உண்டா என்று அங்கேயும் கேளுங்கள். ட்சுமாகோவில் கடைகள் ஐந்து மணிக்குள் அடைத்துவிடும், பல இடங்களில் கார்டு செல்லாது. யென்னாகவே பணமும் மறுநாள் நடைக்கான தீனியும் நகாட்சுகாவாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.