சி நிரலிலிருந்து க்னுபிளாட்டை இயக்குதல்: லினக்ஸில் ஓடுகிறது, விண்டோஸில் ஓடவில்லை

கேள்வி – கோத்தகிரி மழைமானி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியைச் சுற்றியுள்ள சிறு தேயிலை விவசாயிகள் நாற்பது பேர் தங்கள் தோட்டத்து மழைமானியில் காலைதோறும் அளக்கும் மழையையும், அன்றன்று பறித்த பச்சைத் தேயிலையின் எடையையும் எழுதித் தருகிறார்கள். அவற்றைக் கோப்பில் சேர்த்து மாத முடிவில் வரைபடமாக்க சி மொழியில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். வரையும் வேலையை க்னுபிளாட் என்ற வரைபட நிரல் செய்கிறது. கட்டளை முழுவதையும் ஒரே சரமாகக் கோத்து, சிஸ்டம் என்ற செயற்கூறிடம் கொடுத்து அதை இயக்குகிறேன்.

என் வீட்டு உபுண்டுவில் இது ஒழுங்காக நடக்கிறது. விவசாயிகள் கூடும் இடத்திலுள்ள விண்டோஸ் 10 கணினியில் நடப்பதில்லை. க்னுபிளாட் இருக்கும் அடைவின் பெயரிலும் தரவுக் கோப்பின் பெயரிலும் இடைவெளி இருப்பதால் இரண்டையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தேன். அப்படியும் கட்டளை அடையாளம் தெரியவில்லை என்றே செய்தி வருகிறது. இடைவெளியை நீக்கிப் பார்த்தால், ‘மேல்தோட்டம்’ போன்ற தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடுகின்றன. மேலும், வரைபடம் தோல்வியுற்றால் லினக்ஸில் 256 என்றும் விண்டோஸில் 1 என்றும் மதிப்பு திரும்புகிறது. இரண்டு இடத்திலும் ஒரே மூலநிரல் ஓட வேண்டும் என்பதே என் விருப்பம். எந்த வழியில் செல்வது?

மறுமொழி – குன்னூர் இருப்புப்பாதை

சிஸ்டம் என்பது சி மொழியின் தரத்திலேயே இருப்பதால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நடக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தத் தரம், சரத்தைக் கட்டளைச் செயலியிடம் ஒப்படைக்கும் என்பதற்கு மேல் எந்த உறுதியும் தருவதில்லை. லினக்ஸில் அந்தச் செயலி எஸ்ஹெச் ஷெல், விண்டோஸில் சிஎம்டி. இரண்டின் மேற்கோள் விதிகளும் வேறு. சரம் மேற்கோள் குறியோடு தொடங்கி, அதில் இரண்டுக்கு மேற்பட்ட மேற்கோள் குறிகள் இருந்தால், சிஎம்டி முதல் குறியையும் கடைசிக் குறியையும் உரித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்கிறது. உங்கள் நிரலின் பாதை இடைவெளியில் உடைந்துபோவது இதனால்தான். முழுச் சரத்தையும் இன்னொரு மேற்கோள் இணைக்குள் பொதிந்தால் இப்போதைக்கு வேலை நடக்கும். ஆனாலும் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்; ஏனென்றால் கோப்பின் பெயரில் ஓர் அரைப்புள்ளியோ ‘&’ குறியோ வந்தால், பெயரின் எஞ்சிய பகுதியை ஷெல் தனிக் கட்டளையாகவே இயக்கக்கூடும். பிறர் எழுதித் தரும் பெயர்களை நீங்கள் கையாள்வதால் இது கவலைக்குரிய ஓட்டை.

256 என்பது பிழையன்று. லினக்ஸ் போன்ற போசிக்ஸ் அமைப்புகளில் சிஸ்டம் தருவது வெயிட் நிலை, அதாவது இயக்கிய நிரல் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லும் எண். வெளியேறு குறியெண் அதற்குள் எட்டு பிட்டுகள் மேலே அமர்ந்திருக்கும். டபிள்யூஇஃப்எக்ஸிட்டட் மேக்ரோவால் நிரல் தானாக முடிந்ததா என்று பார்த்துவிட்டு, டபிள்யூஎக்ஸிட்ஸ்டேட்டஸ் மேக்ரோவால் எண்ணை எடுங்கள், 1 கிடைக்கும்.

நான் சொல்லும் வழி, ஷெல்லை நடுவிலிருந்து அகற்றுவது. அளபுருக்களின் அணியைப் பெற்று வெளியேறு குறியெண்ணைத் தரும் ஒரே ஒரு செயற்கூறை அறிவித்து, அதற்கு இரண்டு உடல்களை எழுதி, தொகுக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். லினக்ஸில் பிள்ளைச் செயல்முறையைப் பிரிக்கும் ஃபோர்க், அதில் வேறு நிரலை ஏற்றும் எக்ஸெக்விபி, அது முடியும்வரை காத்திருக்கும் வெயிட்பிஐடி ஆகிய மூன்றும் போதும். அணியின் ஒவ்வோர் உறுப்பும் உடையாமல் அப்படியே க்னுபிளாட்டைச் சேரும். எக்ஸெக்விபி தோற்றால், பிள்ளைச் செயல்முறையை அடிக்கோட்டோடு தொடங்கும் _எக்ஸிட் கொண்டு முடியுங்கள். சாதாரண எக்ஸிட்டை அழைத்தால், பெற்றோர்ச் செயல்முறையின் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் எழுதப்படாமல் இருந்த வரிகள் இருமுறை வெளிவரும். விண்டோஸில் ஃபோர்க் கிடையாது, அங்கே புதிய செயல்முறையைத் தொடங்குவது கிரியேட்பிராசஸ்.

மறுமொழி – கூடலூர் மழைக்காடு

குன்னூர் நண்பர் சொன்ன விண்டோஸ் உடலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடினமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. விண்டோஸில் புதிய செயல்முறைக்குப் போவது அணியன்று, ஒரே சரம். அதை மீண்டும் அளபுருக்களாகப் பிரிப்பது அந்தந்த நிரலின் பொறுப்பு. ஆகவே உங்கள் அணியை நீங்களே சரமாக்க வேண்டும். பெரும்பாலான நிரல்கள் மைக்ரோசாஃப்ட் சி நூலகத்தின் விதியைப் பின்பற்றுகின்றன. பின்சாய்கோடு பொதுவாகத் தன்னையே குறிக்கும். ஆனால் அதை அடுத்து மேற்கோள் குறி வந்தால் அக்குறியின் பொருளை மாற்றிவிடும். அடைவின் பெயர் பின்சாய்கோட்டில் முடிந்து, அதை மேற்கோளுக்குள் வைத்தால், மூடும் குறி மூடாமல் போவது இதனால்தான். அந்த இடத்தில் பின்சாய்கோட்டை இரட்டிக்க வேண்டும். இயக்கவேண்டிய நிரலின் முழுப் பாதையை கிரியேட்பிராசஸின் முதல் அளபுருவில் தனியாகவும் கொடுத்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாவதற்குக் காரணம், எழுத்துகளுக்கு எண் தரும் விண்டோஸின் பழைய ஆன்சி குறிமுறைப் பக்கங்களில் தமிழுக்கென்று ஒன்று இல்லவே இல்லை என்பது. விண்டோஸ் தானே தரும் தமிழ் ஆதரவு யூனிகோடு வழியாகவே இயங்குகிறது. எனவே கிரியேட்பிராசஸ்டபிள்யூ என்ற அகல எழுத்து வடிவத்தைத்தான் அழைக்க வேண்டும். உங்களிடமுள்ள யூடிஎஃப்-8 சரத்தை மல்டிபைட்டூவைடுகேர் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். அந்த வடிவம் கட்டளைச் சரத்தின் இடத்திலேயே எழுதக்கூடியது என்பதால் மாறிலிச் சரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சரத்தின் நீளத்துக்கு 32,767 எழுத்துகள் வரம்பு. சிஎம்டி வழியாகச் சென்றால் 8,191 மட்டுமே.

கோத்தகிரி மழைமானி

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு உடல்களையும் எழுதிவிட்டேன். ‘மேல்தோட்டம்’ இப்போது விண்டோஸிலும் மேல்தோட்டமாகவே இருக்கிறது. ஆனால் புதிதாக ஒன்று. மழைக்கும் இலை எடைக்கும் உள்ள உறவைக் காண, ஒவ்வொரு தோட்டத்துக்கும் க்னுபிளாட்டின் ஃபிட் கட்டளையைச் சேர்த்து, அது அச்சிடும் செய்திகளை, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் பைப் மூலம் வாங்கினேன். ஐந்து தோட்டங்களுக்குச் சரியாக வருகிறது; நாற்பதுக்கும் ஓட்டினால் இரண்டு கணினிகளிலும் நிரல் அசையாமல் நிற்கிறது.

மறுமொழி – குன்னூர் இருப்புப்பாதை

க்னுபிளாட் முடியட்டும் என்று முதலில் காத்திருந்து, அதன் பிறகு பைப்பைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லினக்ஸில் ஒரு பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 65,536 பைட்டுகள். அது நிரம்பியதும் க்னுபிளாட், யாராவது படிக்கட்டும் என்று எழுத்தை நிறுத்திக் காத்திருக்கும். நீங்களோ அது முடியட்டும் என்று காத்திருப்பீர்கள். ஐந்து தோட்டங்களின் செய்தி அந்த அளவுக்குள் அடங்கிவிட்டது, அவ்வளவுதான். விண்டோஸில் கிரியேட்பைப்புக்கு நாம் கொடுக்கும் அளவு ஒரு பரிந்துரை மட்டுமே என்பதால், அளவைக் கூட்டித் தப்பிக்க எண்ண வேண்டாம். கோப்பு முடிவு வரும்வரை முதலில் படியுங்கள், பிறகு காத்திருங்கள்.

கோப்பு முடிவு வர வேண்டுமானால், பிள்ளை தொடங்கியவுடன் பைப்பின் எழுதும் முனையைப் பெற்றோரிடத்தில் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் எழுதுபவர் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்று கருதி, படிப்பு முடியவே முடியாது. வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் ஒரே பைப்பில் சேர்த்துவிட்டால், இரண்டு பைப்புகளை மாறிமாறிக் கண்காணிக்கும் வேலையும் இருக்காது. விண்டோஸில் செயல்முறைக்கும் அதன் இழைக்கும் தனித்தனிக் கைப்பிடிகள் கிடைக்கும். வேலை முடிந்ததும் இரண்டையும் மூடுங்கள்.

கோத்தகிரி மழைமானி

நீங்கள் ஊகித்தபடியேதான் எழுதியிருந்தேன். வரிசையை மாற்றினேன், லினக்ஸில் உடனே சரியாகிவிட்டது. விண்டோஸில் எழுதும் முனையை மூடாமல் விட்டிருந்ததைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு மாலை ஆயிற்று. இப்போது நாற்பது தோட்டங்களின் வரைபடங்களும் இரண்டு கணினிகளிலும் வருகின்றன.