7/24 + 5/36: பகுதியைப் பெருக்கினால் போதாதா?

கேள்வி: மகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நானே மாட்டிக்கொண்டேன். 24ஐயும் 36ஐயும் பெருக்கி 864 என்று பகுதி வைத்தேன், விடை 372/864. புத்தகத்தில் 31/72. எங்கே தவறினேன்?

பதில் 1: தவறவே இல்லை. மேலும் கீழும் 12ஆல் வகுத்துப் பாருங்கள், 31/72 வந்துவிடும். சுற்றுவழியில் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பதில் 2: நான் பெரிய பகுதியின் மடங்குகளைத்தான் சொல்லிப் பார்ப்பேன். 36, 24ஆல் வகுபடாது. 72 வகுபடும். முடிந்தது. பகாக் காரணி வழியென்றால் 24 = 2³×3, 36 = 2²×3². ஒவ்வொரு பகா எண்ணுக்கும் பெரிய அடுக்கை மட்டும் எடுங்கள்: 2³×3² = 72. அடுக்குகளைக் கூட்டினால் மறுபடி அதே 864தான்! பள்ளியில் இதற்காகவே நான் மதிப்பெண் இழந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: 21/72 + 10/72 = 31/72. வந்துவிட்டது! அப்படியென்றால் இந்த 72 போல மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்தால் கடைசியில் சுருக்கவே வேண்டாமா?

பதில் 2: அந்த நம்பிக்கை வேண்டாம். 1/6 + 1/10 போட்டுப் பாருங்கள். மீ.சி.ம. 30, கூட்டினால் 8/30. அதையும் 4/15 ஆக்க வேண்டியிருக்கிறது.