எலிகளின் தாங்குதிறனை அளக்க நீச்சல் தொட்டியா, டிரெட்மில்லா?

சூரண ஆய்வு, மதுரை:
அமுக்கரா சூரணம் கொடுத்த விஸ்டார் (ஆய்வகத்தில் வளர்க்கும் ஓர் இனம்) எலிகள் களைப்பைக் கூடுதல் நேரம் தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆண் எலிகள், 180–220 கிராம், குழுவுக்கு 8. நெறிமுறைக் குழுவிடம் நீச்சல் சோதனைக்கு அனுமதி இருக்கிறது. வாலில் எடை கட்டி விட்டால், ஒரே குழுவில் ஓர் எலி சில நிமிடத்தில் மூழ்குகிறது, அடுத்தது அரை மணி தாண்டியும் மிதக்கிறது. மருந்தே கொடுக்காத குழுவில் இப்படி. டிரெட்மில்லுக்கு மாறலாமா?

வைகைக்கரை:
மாறுங்க. நீச்சலில் எலி அசையாமல் மிதந்தால் அது களைப்பா, முயற்சியைக் கைவிட்டதா என்று பிரிக்க முடியாது. 1977-ல் போர்சோல்ட் என்ற ஆய்வாளர் அந்த அசையாமையை வைத்துத்தான் மனச்சோர்வு மருந்துகளுக்குச் சோதனை அமைத்தார். அமுக்கராவுக்குத் தூக்கம் தரும் குணமும் உண்டு, அதனால் குழப்பம் இரட்டிப்பாகும்.

டிரெட்மில்லில் முதலில் பழக்கம். முதல் நாள் பெல்ட்டை ஓட்டாமல் 10 நிமிடம் உள்ளே விடுங்க. அடுத்த நாள் நிமிடத்துக்கு 5–8 மீட்டர், பிறகு 10 மீட்டர், 15 நிமிடம். நாலைந்து நாளில் பெரும்பாலானவை ஓடும். ஓடவே மறுப்பதை விலக்குவதாக இருந்தால், குழு பிரிக்கும் முன்பே, எழுதி வைத்த விதிப்படி விலக்குங்க. மருந்து தொடங்கிய பிறகு விலக்கினால் முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள்.

சாய்வு 10 டிகிரி. 10 மீட்டரில் 5 நிமிடம் ஓடவிட்டு, 3 நிமிடத்துக்கு ஒருமுறை 2 மீட்டர் கூட்டிக்கொண்டே போனால் உச்ச வேகம் கிடைக்கும். இது தாங்குதிறன் இல்லை. குறைந்தது இரண்டு நாள் ஓய்வு விட்டு, உச்ச வேகத்தில் 60–70 சதவீதத்தில் ஓயும் வரை ஓட வைப்பதுதான் தாங்குதிறன். இந்த வேகத்தை மருந்துக்கு முன் அளந்த உச்சத்திலிருந்தே எடுத்து, கடைசிச் சோதனை வரை மாற்றாமல் வையுங்க.

வெறும் நிமிடத்தை மட்டும் எழுதாதீங்க, செய்த வேலையையும் கணக்கிடுங்க. 200 கிராம் எலி 20 மீட்டர் வேகத்தில் 30 நிமிடம் ஓடினால் 600 மீட்டர். 10 டிகிரியில் மேலேறிய உயரம் சுமார் 104 மீட்டர், வேலை சுமார் 204 ஜூல். எடை கூடிய எலியையும் குறைந்த எலியையும் அப்போதுதான் ஒப்பிட முடியும்.

சூரண ஆய்வு, மதுரை:
நன்றி சார். ‘ஓய்ந்துவிட்டது’ என்று எதை வைத்து முடிவு செய்வது? ஷாக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

பெல்ட்டும் எலியும்:
தயக்கம் நியாயமானது. மென்மையான தூரிகையால் பின்னங்காலைத் தொட்டாலே பல எலிகள் ஓடும். ஷாக் வைத்தால், எலி நகரும் அளவுக்கு மிகக் குறைந்ததாக வைத்து, எல்லாக் குழுவுக்கும் அதையே வையுங்க. பெல்ட்டின் பின்முனையில் இருக்கும் ஷாக் கம்பிமேல் தொடர்ந்து 5 வினாடி இருந்தால் அந்தத் தடத்தின் மின்சாரத்தை உடனே நிறுத்தணும். எடுத்து மல்லாக்கப் போடுங்க; சட்டென்று புரண்டு எழாவிட்டால்தான் உண்மையான ஓய்வு. இதைப் பார்ப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக்கூடாது.

இதில் அடிக்கடி ஏமாற்றுவது கம்பிகள்தான். மூத்திரமும் புழுக்கையும் இரண்டு கம்பிக்கு நடுவே பாலம் போட்டுவிடும். மின்சாரம் அதன் வழியே போய்விடும், எலிக்கு ஷாக்கே படாது. அது நிம்மதியாக உட்கார்ந்திருக்கும், நீங்கள் ‘ஓய்ந்தது’ என்று எழுதிவிடுவீர்கள். ஒவ்வோர் எலிக்கும் பிறகு துடைத்து, ஈரம் போகக் காயவிடுங்க.

பெல்ட் வேகத்தைத் திரையை நம்பி எழுதாதீங்க. பெல்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, எலி ஓடும்போதே ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்க. தளர்ந்த பெல்ட், எடை ஏறினால் வழுக்கும்.

நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தைத் தனியாக யோசிக்கணும். எலிக்கு வியர்த்துக் குளிரும் வசதி கிடையாது, சூட்டை வெளியேற்ற அதற்கு வால் ஒரு முக்கிய வழி. அறை சூடானால் தசை ஓயும் முன்பே உடல் சூடு ஓட்டத்தை நிறுத்திவிடும். 22–24 டிகிரியில் வையுங்க. தினமும் எல்லாக் குழுவிலிருந்தும் சம எண்ணிக்கையில், அதே மணிக்கு ஓடவிடுங்க. நடுவில் கரண்ட் போய் ஏசி நின்றால், அந்த நாளின் எல்லா எலிகளையும் சேர்த்து ஒதுக்குங்க.

அனுபானம்:
சூரணத்தைத் தேனில் குழைத்தா கொடுக்கிறீர்கள்? அப்படியென்றால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு தேன், அதே நேரத்தில் போகணும். இல்லையென்றால் தேனில் இருக்கும் சர்க்கரையின் வேலையும் அமுக்கராவின் கணக்கில் ஏறிவிடும். குழாய் வழி கொடுப்பதே எலிக்கு ஒரு பதற்றம் என்பதால், கொடுத்ததற்கும் ஓட்டத்துக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

லாக்டேட் (கடும் உழைப்பில் இரத்தத்தில் கூடும் பொருள்) எடுப்பதானால், வால் நுனியின் முதல் இரத்தத் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை அளவுகாட்டும் பட்டையில் வையுங்க. ஓட்டம் நின்ற ஒரு நிமிடத்துக்குள் எடுக்கணும், தாமதித்தால் அளவு மாறிவிடும்.

டிரெட்மில்லுக்கு மாறுவதென்றால் பழைய அனுமதி போதாது. ஷாக் உண்டா, தூரிகையா, எந்த நிலையில் நிறுத்துவீர்கள் என்பதை எழுதித் திருத்த விண்ணப்பம் கொடுத்து, ஒப்புதல் வந்த பிறகே முதல் எலியைப் பெல்ட்டில் விடுங்க.