29 குட்டிகளை ஈன்ற பெஞ்ச் பெண்புலி: எப்படி இயன்றது?

கானகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மத்தியப் பிரதேசத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் வாழ்ந்து, 2022 ஜனவரி 15 அன்று இறந்த 'காலர்வாலி' என்ற பெண்புலியைப் பற்றி அண்மையில் படித்தேன். வனத்துறைப் பதிவில் அதன் பெயர் டி-15. 2005இல் பிறந்த அது, 2008 முதல் 2018 வரை எட்டு ஈற்றுகளில் 29 குட்டிகளை ஈன்றதாகவும், அவற்றுள் 25 பிழைத்ததாகவும் கூறுகிறார்கள். ஒரு பெண்புலி பொதுவாக இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈனும் என்றும், குட்டிகளில் பெரும்பகுதி வளர்வதற்கு முன்பே மடிந்துவிடும் என்றும் அறிந்திருந்த எனக்கு இந்தக் கணக்கு வியப்பாக இருக்கிறது. இது அந்த ஒரு விலங்கின் தனித்திறமையா, அல்லது அந்தக் காட்டின் வளமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முல்லைநிலம் எழுதியது:

இரண்டும்தான். ஆனால் வரிசையில் காடே முதலில் வரும் என்பது என் கருத்து. குட்டிகளோடு இருக்கும் பெண்புலி, தனித்திருக்கும் புலியைவிட மிகுதியாக வேட்டையாட வேண்டும். அதுவும் குட்டிகளை விட்டு நெடுந்தொலைவு போகாமல் வேட்டையாட வேண்டும். பெஞ்சில் புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. கடமானும் காட்டெருதும் உண்டு. இரை அருகிலேயே கிடைக்கும்போது, தாய் குட்டிகளைத் தனியே விட்டுச்செல்லும் நேரம் குறைகிறது. சிறுத்தை, செந்நாய் முதலியவற்றால் வரும் ஆபத்தும் அதற்கேற்பக் குறைகிறது.

காலர்வாலியும் தோல்வியோடுதான் தொடங்கியது. 2008இல் ஈன்ற முதல் மூன்று குட்டிகளும் நிமோனியாவால் இறந்துபோயின. குட்டிகளை இழந்த பெண்புலி விரைவிலேயே மீண்டும் இணைசேரும். கருக்காலமும் ஏறக்குறைய மூன்றரை மாதங்களே. அதனால் அதே ஆண்டு அக்டோபரில் அது மீண்டும் நான்கு குட்டிகளை ஈன்றது; 2010 அக்டோபரில் ஒரே ஈற்றில் ஐந்து. அதன் பிறகு சில ஈற்றுகளுக்கிடையே ஒன்றரை ஆண்டு இடைவெளியே இருந்தது. வழக்கமாகக் குட்டிகள் ஒன்றரை முதல் இரண்டு வயது வரை தாயோடு இருக்கும். அவற்றைச் சற்று முன்னதாகவே தனியே அனுப்பியும் பிழைக்க வைத்தது என்பதில்தான் அந்தத் தாயின் திறமையைக் காண்கிறேன்.

வேங்கைமரம் எழுதியது:

முன்னவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். புலிக்குட்டிகளுக்குப் பெரும் ஆபத்து, புதிதாக வந்து எல்லையைக் கைப்பற்றும் ஆண்புலியிடமிருந்து வருகிறது. தனக்குப் பிறக்காத குட்டிகளை அது கொன்றுவிடும். தாயும் மீண்டும் இணைசேரத் தயாராகிவிடும். ஆகவே ஓர் ஆண்புலி பல ஆண்டுகள் எல்லையைக் காத்துநிற்கும் பகுதியில்தான் பெண்புலியின் ஈற்றுகள் தொடர்ந்து பிழைக்கின்றன. தாயைப் பற்றி எழுதும் கட்டுரைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

கானகன் கேட்டது:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. அப்படியானால் 25 புலிகளும் எங்கே போயின? காப்பகத்தில் அவ்வளவு இடம் இருந்திருக்க முடியாது அல்லவா?

முல்லைநிலம் எழுதியது:

நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்றே எதிர்பார்த்தேன். இதுதான் உயிரான கேள்வி. மகள்கள் பெரும்பாலும் தாயின் எல்லையை ஒட்டியே இடம் பிடிக்கும். சில வேளைகளில் தாயே ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும். மகன்கள் தொலைதூரம் நடந்தாக வேண்டும். பெஞ்சிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா, மகாராஷ்டிரத்தின் நவேகாவ்-நாக்ஜிரா ஆகிய புலிகள் காப்பகங்களுக்குக் காட்டுவழிகள் இருக்கின்றன. ஆனால் சிவனி-நாக்பூர் நெடுஞ்சாலை அவ்வழிகளை நடுவே வெட்டிச்செல்கிறது. அந்தச் சாலையை அகலப்படுத்தும்போது பெரும் வழக்குகளும் வாதங்களும் எழுந்தன. இறுதியில் மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் கடந்துசெல்ல 50 மீட்டர் முதல் 750 மீட்டர் வரை அகலமுள்ள ஒன்பது கீழ்வழிகள் கட்டப்பட்டன. புலிகள் அவற்றின் வழியே நடந்துபோவதைத் தானியங்கிக் கேமராக்கள் பதிவு செய்துள்ளன. அந்தப் படங்களைக் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

புலியின் திசையறிவை ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி: 2009இல் பெஞ்சிலிருந்து அதே மாநிலத்தின் பன்னா புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட டி-3 என்ற ஆண்புலி, அங்கிருந்து பெஞ்ச் இருக்கும் தெற்குத் திசையை நோக்கியே நடந்தது, வனத்துறையினர் வாரக்கணக்கில் பின்தொடர்ந்து, மயக்க ஊசி செலுத்தித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நெய்தலன் எழுதியது:

பெண்புலியின் முதுமையைப் பற்றியும் பேச வேண்டும். ராஜஸ்தானின் ரந்தம்போரில் வாழ்ந்த மச்லி 2016 ஆகஸ்ட் 18 அன்று இறந்தபோது அதற்குப் பத்தொன்பது வயதுக்கு மேல் இருக்கும். காட்டுப்புலிக்கு அது மிக நீண்ட ஆயுள். ஏரிகளும் பழைய அரண்மனைகளும் சூழ்ந்த செழிப்பான எல்லையை அது சொந்த மகளிடமே இழந்தது, கோரைப்பற்களும் போயின, ஒரு கண் பார்வையும் போயிற்று. அதன் பிறகு வனத்துறை இரை கட்டி அதைக் காப்பாற்றியது. பரிவினால் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான் அதை ஏற்கவில்லை. முதிய புலிகளுக்குச் செயற்கையாக இரையளிக்கக் கூடாது என்றே தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறையும் சொல்கிறது.

வேங்கைமரம் எழுதியது:

நெய்தலன் அவர்களின் கருத்தை மதிக்கிறேன். கொள்கையளவில் எனக்கும் உடன்பாடே. ஆனால் மச்லி தொடர்பாக எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ராஜஸ்தானின் மற்றொரு புலிகள் காப்பகமான சரிஸ்காவில் கள்ளவேட்டையால் புலியே இல்லாமற்போன பின், 2008இல் ரந்தம்போரிலிருந்து அங்கே ஹெலிகாப்டரில் கொண்டுசெல்லப்பட்ட பெண்புலி மச்லியின் மகள். நடந்து போய்ச் சேரக்கூடிய காட்டுவழி எஞ்சியிருந்தால் ஹெலிகாப்டர் தேவைப்பட்டிருக்காது. பெஞ்சில் அந்த வழிகள் இன்னும் முழுதாக அறுந்துவிடவில்லை. எனவே கானகன் அவர்கள் காலர்வாலியைப் பற்றி மேலும் படிப்பதானால், 29 என்ற எண்ணோடு அந்தக் காட்டின் வரைபடத்தையும் எடுத்து, சாலைகளும் தொடர்வண்டிப் பாதைகளும் கால்வாய்களும் எங்கெங்கே குறுக்கிடுகின்றன என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.